ஆம்ப்ளிஃபயருக்குள் பெய்த மழை

பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் தாளாளர் கோதண்டபாணிக்கு மைக் என்றால் உயிர். ஆண்டு விழாவுக்கு முதல் நாள் காலை, அவர் அறையிலிருந்த ஆம்ப்ளிஃபயர் நனைந்து ஊமையாகிக் கிடந்தது. இரவில் மழை பெய்திருந்ததால் பழி வாட்ச்மேன் சந்தானசாமி மேல் விழுந்தது.

வாட்ச்மேன் தலையிலேயே ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி வைத்து, ரிப்பேர் கடை அல்லிராணியிடம் கூட்டிப்போனார் தாளாளர்.

"இந்த ஆள் ஜன்னலைச் சாத்தலை. மழைத்தண்ணியால கெட்டுதுன்னு எழுதிக் கொடும்மா, இவனை இன்னைக்கே வேலையை விட்டுத் தூக்கணும். நாளைக்கு நான் பேசறதுக்குள்ள ரிப்பேரும் ஆகணும்."

"சாத்திட்டுத்தாங்க போனேன்," என்றார் சந்தானசாமி. தாளாளர் காதில் வாங்கவில்லை.

அல்லிராணி மூடியைக் கழற்றினாள். சர்க்யூட் போர்டு பிசுபிசுத்தது. அதன்மேல் எறும்புகள் ஊர்ந்தன.

"எழுதித் தர்றேன் சார். மழைத்தண்ணின்னா ஸ்பிரிட்ல துடைச்சாப் போதும். இனிப்பு பட்டிருந்தா ஸ்பிரிட்ல கரையாது, முதல்ல தண்ணி விட்டுக் கழுவணும். கழுவாம கரண்ட் கொடுத்தா போர்டு புகைஞ்சிடும். நீங்கதான் மழைன்னு சொல்லிட்டீங்களே."

அவள் ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தாள். தாளாளருக்கு வியர்த்தது. குனிந்து ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமா சொல்லுங்க சார், இங்க மைக் இல்லை."

"பாதாம் பால். நேத்து பேசிப் பார்க்கிறப்போ கை பட்டுக் கொட்டிடுச்சு."

அல்லிராணி போர்டைக் கழுவினாள். சந்தானசாமி வேலை தப்பியது. மறுநாள் விழாவில் தாளாளர் இரண்டு மணி நேரம் பேசினார். கொட்டாவி விட்டபடி வெளியே வந்தவர்கள், "இதை எதுக்கும்மா சரி பண்ணின?" என்று அல்லிராணியைத்தான் கேட்டார்கள்.