விவரத்தோடு கூப்பிடு

டாக்டர் கமருன்னிசா முப்பது வருஷம் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர். ஓய்வுபெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை, கற்றுக்கொடுப்பவர்களுக்கே கற்றுக்கொடுக்கக் கிளம்பிவிட்டார். மருத்துவக் கல்லூரித் துறைத் தலைவர்களுக்குத் தலைமைப் பயிற்சி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேராசிரியர்கள் தூங்கி வழிவார்கள். அவர் கண்டுகொள்ளமாட்டார்.

அன்று வகுப்பு முடிந்தும் ஒருத்தி மட்டும் எழுந்து போகவில்லை. மங்கையர்க்கரசி, அவருடைய பழைய மாணவி. இப்போது மகப்பேறு துறைத் தலைவி. மடியில் ஒரு கேஸ் ஷீட், அதன்மேல் ஒரு படிவம்.

“ஒரு தாய் செத்துட்டா, மேடம். தலைப்பிரசவம். இருபத்திரண்டு வயசு.”

“எப்படி?”

“ரத்தப்போக்கு. செவ்வாய்க்கிழமை காலையில. டியூட்டியில இருந்தது எஸ்தர்னு ஒரு பி.ஜி. மாணவி. நாற்பது நிமிஷம் கழிச்சுத்தான் எனக்கு போன் பண்றா. நான் அடுத்த மாடியிலதான் மேடம் இருந்தேன்!”

செத்தவளின் புருஷன் குழந்தையைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றது மூன்று நாளாக மங்கையர்க்கரசியின் கண்ணை விட்டுப் போகவில்லை.

“நாளைக்கு மரண ஆய்வுக் கூட்டம். இந்தப் படிவத்துல தாமதத்துக்குப் பொறுப்புன்னு எஸ்தர் பேரை எழுதினா அவ படிப்பு போயிடும். எழுதலைன்னா அந்தப் புருஷனுக்கு என்ன பதில் சொல்றது? நான் என்ன செய்யணும்?”

கமருன்னிசா மேஜைமேல் இருந்த அவளுடைய கைப்பேசியைக் காட்டினார்.

“அந்தப் பொண்ணைக் கூப்பிடு. ஸ்பீக்கர்ல போடு. உன் பேரை மட்டும் சொல்லு.”

மங்கையர்க்கரசிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கூப்பிட்டாள்.

“எஸ்தர், டாக்டர் மங்கையர்க்கரசி பேசறேன்.”

மறுமுனையில் காகிதங்கள் சரசரத்தன.

“ஸாரி மேடம்… ஒரு நிமிஷம் மேடம்… மூணாம் பெட்டுக்கு பி.பி. நூற்றுப்பத்து. ஹீமோகுளோபின் இன்னும் வரலை, லேபுக்கு ஆள் அனுப்பியிருக்கேன். வந்ததும் சொல்லிடறேன். ஸாரி மேடம்…”

“சரிம்மா, வை.”

கமருன்னிசா கேட்டார்: “நீ அவளை என்ன கேட்டே?”

“ஒண்ணும் கேக்கலையே.”

“அப்புறம் ஏன் அவ லேப் ரிசல்ட்டைத் தேடறா?”

“முழு விவரமும் கையில இல்லாம யாரும் எனக்கு போன் பண்ணக் கூடாது. என் யூனிட்ல அதுதான் சட்டம்…”

அவளுடைய குரல் பாதியில் நின்றது. கேஸ் ஷீட்டைப் பிரித்தாள். ரத்தப்போக்கு ஆரம்பம், ஒன்பது பத்து. லேப் ரிசல்ட் வந்தது, ஒன்பது நாற்பத்தொன்பது. துறைத் தலைவிக்குத் தகவல், ஒன்பது ஐம்பது.

இந்த மூன்று வரியையும் அவள் பத்துத் தடவையாவது படித்திருப்பாள்.

“இந்தச் சட்டத்தை எங்க கத்துக்கிட்டே?”

மங்கையர்க்கரசி தலை நிமிரவில்லை.

“உங்ககிட்டதான், மேடம். ஒரு தடவை பாதி விவரத்தோட உங்களைக் கூப்பிட்டுட்டேன். காலை முழுக்க வார்டு வாசல்ல, நோயாளிங்க முன்னாடி நிக்க வெச்சீங்க. அதுக்கப்புறம் நான் அந்தத் தப்பைப் பண்ணவே இல்லை.”

கமருன்னிசாவின் முகம் வெளிறியது. பிறகு படிவத்தை வாங்கி, ‘தாமதத்துக்குப் பொறுப்பு’ என்று காலியாக இருந்த இடத்தில் எதையோ எழுதி, பேனாவோடு திருப்பி நீட்டினார்.

“முதல்ல என் பேரை எழுதிட்டேன். அடுத்தது உன் பேரு, நீயே எழுது. அதுக்கப்புறமும் இடம் இருந்தா, அந்தப் பொண்ணு பேரை எழுது.”