கையெழுத்தில்லாத பாடக்குறிப்பு

இங்கிலீஷ் வாத்தியார் ஞானாபரணம் செத்து மூன்று வருஷமாகியும் ஒன்பதாம் வகுப்பை விடவில்லை. மத்தியானம் பெருக்கப் போன சீனியம்மாளுக்குப் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஆளில்லாமலே சாக்பீஸ் எழும்பி, கரும்பலகையில் ‘ஈட்’ என்ற இங்கிலீஷ் வினைச்சொல்லை எழுதியது. கூடவே வாத்தியாரின் குரல் அதட்டியது:

“இதுக்குப் பார்ட்டிசிபிள் ரெண்டையும் சொல்லு. சொல்லாம ஒருத்தரும் வெளியே போக முடியாது!”

ஒரு வகுப்பும் படிக்காத சீனியம்மாள் விளக்குமாற்றைக் கீழே வைத்தாள்.

“இன்னைக்குப் பாடக்குறிப்பு எழுதி ஹெட்மாஸ்டர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டீங்களா சார்? அது இல்லாம வகுப்புல கால் வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே மத்தவங்களை விரட்டுவீங்க?”

சாக்பீஸ் விழுந்து உடைந்தது. கதவு திறந்தது.

மறுநாள் ஹெட்மாஸ்டர் மேசையில் பார்ட்டிசிபிள் பாடக்குறிப்பு கிடந்தது. மை காயவில்லை. அவர் பழக்கதோஷத்தில் பேனாவைத் திறந்தார்.

“சார், கையெழுத்து மட்டும் போட்றாதீங்க!” என்று வாசலிலிருந்து கத்தினாள் சீனியம்மாள்.