பிரிக்காத பெட்டிக்கு ஒன்பது மார்க்

திருப்பூர் பனியன் கம்பெனி மேனேஜர் தண்டபாணிக்குத் தெரியாத சங்கதியே கிடையாது. அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார். ஆபீஸ் கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் பழசாகிவிட்டதென்று, மூன்று கம்பெனிகள் ஆளுக்கொரு புது சுவிட்சைச் சோதித்துப் பார்க்கக் கொடுத்திருந்தன.

"மூணாவதுதான் ஜெயிக்கணும். ஆனா நேர்மையா ஒப்பிட்ட மாதிரியும் இருக்கணும்," என்று எலெக்ட்ரீஷியன் மயிலாத்தாளுக்கு உத்தரவு போட்டார்.

"சரிங்க சார். மார்க்கை மட்டும் நீங்களே போட்டுருங்க," என்றாள் அவள்.

அவள் மேஜைக்கடியில் மூன்று முறை குனிந்து கேபிளைப் பிடுங்கிச் சொருகினாள். இவர் கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். முதலாவது ஆமையாம், நாலு மார்க். அடுத்ததற்கு ஆறு. மூன்றாவதற்கு, "அடேங்கப்பா, பறக்குது!" என்று ஒன்பது போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

அந்நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். தாளைப் படித்துவிட்டு, "பறக்கறதைக் காட்டும்மா, பாக்கலாம்," என்றார்.

மயிலாத்தாள் மூலையிலிருந்து மூன்றாவது சுவிட்சின் பெட்டியைத் தூக்கி வந்து வைத்தாள். ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது.

"மூணு பெட்டியையும் இன்னும் பிரிக்கவே இல்லீங்க. சார் போட்ட மார்க்கெல்லாம் நம்ம பழைய சுவிட்சுக்குத்தானுங்க."

முதலாளி தாளை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். தண்டபாணிக்குக் காதெல்லாம் சுட்டது.

மயிலாத்தாள் குரலைத் தாழ்த்தி, "கிழிச்சுப் போட்டுரட்டுங்களா சார்?" என்று கேட்டாள்.

அவள் சிரித்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.