ஏழாம் பாகத்தின் முடிவு

'கருநாகக் கோட்டை' நாவல் தொடரின் ஏழாம் பாகத்துக்காக வாசகர்கள் நான்கு வருடமாகத் தவம் கிடந்தார்கள். இளவரசி செங்கனி சாவாளா, அரியணை ஏறுவாளா என்று ஆளுக்கொரு ஊகம் சொல்லி மல்லுக்கு நின்றார்கள். திண்டுக்கல் வாசகர் கூட்டத்தில் தலைவர் தணிகாசலம் மைக்கைப் பிடித்தார்.

"செங்கனி சாகிறாள். எழுத்தாளரே என்னை நம்பிக் கைப்பிரதியைக் கொடுத்தார். படித்தாயிற்று."

கடைசி வரிசையில் பூங்கோதை உட்கார்ந்திருந்தாள். எழுத்தாளரிடம் வேலை பார்ப்பவள். கதையில் ஒரு சொல்லும் வெளியே விடமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். தணிகாசலம் அவளைக் கண்டுகொண்டார்.

"நான் சொன்னது தப்பென்றால் உண்மையான முடிவைச் சொல்லும்மா. சொல்லாவிட்டால் என் முடிவுதான் சரி."

வாக்கை மீறுவதில்லை என்ற உறுதியோடு பூங்கோதை எழுந்தாள். "அவர் கையெழுத்து புரிந்ததா ஐயா?"

"முத்து முத்தான எழுத்து. ஒரே மூச்சில் படித்தேன்."

"கை நடுக்கம் வந்ததிலிருந்து, ஐந்து வருடமாக அவர் பேனாவே பிடிப்பதில்லை. அவர் சொல்லச் சொல்ல நான்தான் கணினியில் அடிக்கிறேன். ஏழாம் பாகத்துக்குக் கைப்பிரதியே கிடையாது."

கூட்டம் சிரித்தது. தணிகாசலம் மேடையை விட்டு இறங்கினார்.

"அப்படியானால் செங்கனி பிழைக்கிறாளா?" என்று முன்வரிசைப் பெண் ஆவலாகக் கேட்டாள்.

"பொங்கலுக்குப் புத்தகம் வருகிறது. நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்," என்றாள் பூங்கோதை.