ஜமீன்தார் மனசுக்கு ஒரு பேர்

கருங்குடி ஜமீன்தார் வீரபாகுவை எதிர்த்துப் பேசிய ஏழு பேர் கொட்டடியில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவன் சின்னாண்டி. அவன் பெண்டாட்டி பொம்மக்காள் அரண்மனைத் தொழுவம் கூட்டுகிறவள். புருஷன் முகத்தைப் பார்த்து ஆறு மாதமாயிற்று.

ஒருநாள் பக்கத்து ஜமீன்களிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். வீரபாகு வேலைக்காரர்களை வரிசையில் நிறுத்தினார்.

"யார் எதைச் சொன்னாலும் காதுகொடுத்துக் கேட்கிற மனசு எனக்கு. அதற்கு ஆளுக்கொரு பேர் சொல்லுங்கள். சொன்னதையே சொன்னால் கொட்டடிதான்!"

பரந்த மனசு என்றான் ஒருவன். விரிந்த மனசு, விசாலமான மனசு, தாராள மனசு என்று வரிசை நகர்ந்தது. திறந்த மனசு என்று சமையல்காரரும் சொல்லிவிட, கடைசியில் நின்ற பொம்மக்காளுக்கு ஒரு சொல்லும் மிஞ்சவில்லை.

"எலிப்பொறி மனசு, சாமி" என்றாள்.

பக்கத்தில் நின்ற சவுக்குக்காரன் சவுக்கை ஓங்கினான். விருந்தாளி ஒருவர் கையமர்த்தி, "ஏனம்மா அப்படிச் சொன்னாய்?" என்று கேட்டார்.

"பொறியும் திறந்துதான் இருக்கும் சாமி. உள்ளே போனது திரும்பாது. எசமான் கேப்பாருன்னு நம்பிப் பேசின ஏழு பேரு இன்னும் திரும்பல. ஏழு பேரும் இங்க வந்து நின்னா நான் சொன்னது பொய். என்னை அடிச்சே கொல்லுங்க."

விருந்தாளிகள் வீரபாகுவையே பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் அவர் கொட்டடியைத் திறக்கச் சொன்னார்.

நாலு பேர்தான் உயிரோடு வந்தார்கள். சின்னாண்டி இல்லை.

சவுக்குக்காரன் கையை இறக்கினான். விருந்தாளிகள் சாப்பிடாமலே வண்டி பூட்டச் சொன்னார்கள். பொம்மக்காள் அழவில்லை. அவர்களில் நடக்க முடியாத ஒருவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நாலு பேரையும் வாசல் தாண்டிக் கூட்டிப் போனாள்.