முதுகைக் காட்டிய சிலும்பன்

குளக்கரை நாவல் மரத்தடியில் காட்டுக் குட்டிகளுக்கு ஒரு பள்ளி இருந்தது. இரை தேடப் போகும் தாய் தகப்பன்மார் காலையில் குட்டிகளை அங்கே விட்டுப் போவார்கள். நீலவேணி என்ற பெண்மயில்தான் டீச்சர். பாட்டும் ஆட்டமுமாகப் பள்ளி எப்போதும் அதிரும்!

சிலும்பன் என்ற முள்ளம்பன்றிக் குட்டி அங்கே புதிதாகச் சேர்ந்திருந்தான்.

"தண்ணீர் குடிக்கலாம், வாங்க!" என்று நீலவேணி அகவினாள். அவ்வளவுதான்! குட்டிகள் முண்டியடித்துக் குளத்துக்கு ஓடின. சிலும்பன் நடுவில் மாட்டிக்கொண்டான். சட்டென்று திரும்பி எல்லோருக்கும் முதுகைக் காட்டினான். வால் முட்களைக் கலகலவென்று குலுக்கினான். அடுத்த நொடி...

"ஐயோ, என் மூக்கு!" என்று அலறினாள் முயல்குட்டி பஞ்சு. பின்னால் முட்டிக்கொண்டு வந்த அவள் மூக்கு நுனியில் ஒரு முள்!

நீலவேணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "டீச்சர் இருக்கும்போதே முதுகைக் காட்டறியா? குலுக்கி வேற காட்டறியா? எவ்வளவு திமிர்!"

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. மயில் குலத்தில் ஆண்கள் தோகையை விரித்து, முன்னும் பின்னும் திரும்பி, இறகைச் சடசடவென்று உதறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். 'என்னைப் பார், என் அழகைப் பார்!' அந்தக் கண்ணோடுதான் அவள் சிலும்பனையும் பார்த்தாள்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. தப்புச் செய்த குட்டியை நடுவில் நிறுத்தி, மற்றவர்கள் சுற்றி நின்று கைதட்டி வெட்கப்படுத்துவார்கள்.

"ஷேம்! ஷேம்!" என்று குட்டிகள் கத்தின. வட்டம் நெருங்கியது. சிலும்பன் மறுபடி குலுக்கினான். வட்டம் இன்னும் நெருங்கியது. உடம்பு முழுக்க முட்கள் எழும்பி நின்றன. விருட்டென்று பின்பக்கமாகவே ஓடி வந்தான்!

மான்குட்டிக்குக் காலில் குத்து. குரங்குக்குட்டி வாலுவுக்கு உட்காரும் இடத்தில் குத்து!

சாயங்காலம் பெற்றோர் வந்தார்கள். வாலுவின் அப்பா கிளுவன், மரத்திலிருந்து தொப்பென்று குதித்தான்.

"என் பிள்ளையால உட்காரவே முடியல டீச்சர்! குரங்குக்கு உட்கார முடியலன்னா அப்புறம் என்ன பொழைப்பு? இந்த முள்ளுப்பயல் இன்னையோட பள்ளிய விட்டுப் போகணும்!"

"ஆமா, போகணும்!" என்றது காட்டுப்பன்றி. மானும் முயலும் தலையாட்டின.

சிலும்பனின் அம்மா பதறினாள். "அப்படிச் சொல்லாதீங்கண்ணே! போன மழையில எங்க வளை இடிஞ்சு விழுந்துச்சு. பிள்ளை மண்ணுக்குள்ள அகப்பட்டு, நான் தோண்டி எடுத்தேன். புது வளைய இப்பத்தான் பறிச்சுக்கிட்டிருக்கேன். கதவும் இல்ல, காவலும் இல்ல. நரி மோப்பம் பிடிச்சுக்கிட்டே திரியுது. இங்க இல்லன்னா இவனை நான் எங்க விடுவேன்?"

"அது உங்க பாடு!" என்றான் கிளுவன். "டீச்சர், என்ன வாயடைச்சு நிக்கறீங்க? சொல்லுங்க! அவனா, எங்க பிள்ளைங்களா?"

"கொஞ்சம் பொறுங்க, நான்..."

"பொறுக்க முடியாது!"

எல்லோரும் நீலவேணியைச் சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் கொம்பு, பின்னால் கோரைப்பல், தலைக்கு மேலே கிளுவனின் வால்! அவள் கழுத்து இறகெல்லாம் குத்திட்டு நின்றது. ஓட வழி தேடிச் சட்டென்று திரும்பினாள்.

"பார்த்தீங்களா!" கிளுவன் கத்தினான். "நம்மகிட்டயே முதுகைக் காட்டுது! இறகைச் சிலிர்த்துக் காட்டுது! எவ்வளவு திமிர்!"

"திமிரா? எனக்குப் பயமா இருக்குய்யா!" என்று வீறிட்டாள் நீலவேணி.

கூட்டம் அப்படியே நின்றது.

அவள் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. மெல்லச் சிலும்பன் பக்கம் பார்த்தாள். மரத்தின் வேரோடு ஒட்டிக்கொண்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டியபடி, அவன் கலகலவென்று குலுக்கிக்கொண்டிருந்தான்.

நீலவேணி கிட்டே போகவில்லை. இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"சிலும்பா, உனக்கும் பயமா?"

குலுக்கல் நின்றது. "நாலு பக்கமும் வந்துட்டா மண்ணு மூடற மாதிரி இருக்கு டீச்சர். தள்ளிப் போங்கன்னு சத்தம் போட்டேன். யாருமே போகல."

"அந்தக் கலகலச் சத்தம் அதுக்கா?"

"அதுக்குத்தான் டீச்சர்!" என்றாள் அவன் அம்மா. "எங்க குலத்துல பொறந்த குழந்தைக்கும் அது புரியும். உங்களுக்கும் புரியும்னு நான் சொல்லாம இருந்துட்டேன்."

"நல்லா அளக்கறாங்கப்பா!" என்று கிளுவன் சிரித்தான். "தள்ளி நின்னா முள்ளு மடங்கிடுமா? யாரு நம்புவா?"

அந்த நேரம் பார்த்துக் காற்று ஒன்று வீசியது. நாவல் மரம் ஆடியது. கரேலென்று கனிந்த பழங்கள் பொலபொலவென உதிர்ந்தன!

"பழம்! பழம்!"

குட்டிகள் பாய்ந்து வந்தன. ஒரே நொடியில் சிலும்பனைச் சுற்றிக் கூட்டம். அவனுக்கு நேர் பின்னால், ஒரு சாண் தூரத்தில், வாய் நிறையப் பழத்தோடு வாலு!

கலகல! கலகல!

"வாலு! ஓடி வாடா!" கிளுவனின் குரல் கிழிந்தது.

"பின்னால குதி!" என்று அகவினாள் நீலவேணி. தானே முதலில் பின்னால் குதித்தாள். குதித்த வேகத்தில் குளத்துச் சேற்றில் சளேரென்று விழுந்தாள்!

குட்டிகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. புது விளையாட்டு! "பின்னால குதி!" என்று கூவிக்கொண்டு பஞ்சு குதித்தாள். மான்குட்டி குதித்தது. வாலு ஒரே எம்பாக எம்பி அப்பன் மடியில் போய் விழுந்தான்.

சிலும்பனைச் சுற்றி வெட்டவெளி. முட்கள் விறைத்து நின்றன. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒரு முள் மடங்கியது. பக்கத்து முள் மடங்கியது. பிறகு காற்றில் புல் சாய்வதுபோல எல்லாமே சாய்ந்தன!

பஞ்சு ஒரு பழத்தை நீட்டினாள். "இப்ப வரலாமா?"

"கொஞ்சம் இரு," என்றான் சிலும்பன். மூச்சு வாங்கினான். பிறகு திரும்பி, முதன்முறையாக எல்லோருக்கும் முகத்தைக் காட்டினான். "இப்ப வா!"

அவள் தாவிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூக்கில் ஒன்றும் குத்தவில்லை!

"பார்த்துக்கிட்டேதானே இருக்கீங்க?" சேறு வழிய எழுந்து வந்தாள் நீலவேணி. "இந்தப் பிள்ளை எங்கேயும் போகாது. போக வேண்டியது அந்த ஷேம் ஷேம்தான்! அதை நடத்தினவ நான். நானே நிறுத்தறேன்."

கிளுவன் தலையைச் சொறிந்தான். "அது சரி டீச்சர்... ஆனாலும் எங்க வாலுவுக்கு..." என்று நீலவேணியின் முகத்தருகே குனிந்து கத்த ஆரம்பித்தான்.

"அப்பா, தள்ளி நில்லுங்க," என்றான் வாலு. "நீங்க கிட்ட வந்து கத்தினா எனக்கும் பயமாத்தான் இருக்கு!"

காட்டுப்பன்றி உறுமிச் சிரித்தது. கிளுவன் இரண்டடி பின்னால் குதித்தான்.

முரண்டு பிடிக்கும் பிள்ளையைச் சுற்றி வளைத்து வெட்கப்படுத்துவதைவிட, தள்ளி நின்று அதன் பயம் என்னவென்று கேட்பதே பெரியவர்களுக்கு அழகு.