உச்சிக்கிளைக்கு ஏறிய பலகை

அல்லிக்குளத்தின் கரையில் ஒரு பெரிய மருதமரம் நின்றது. அதன் அடியில் ஒரு பக்கம் கரடி தேன் விற்றது. மறுபக்கம் நரி நண்டு விற்றது.

கரடி தன் கடைக்கு ஒரு பலகை செய்து, காவிக்கல்லால் அதில் தேனடை வரைந்தது. செவலை என்ற மலையணில் அந்தப் பலகையை மரத்தின் நடுக்கிளையில் கட்டிக்கொடுத்தது. உயரத்து வேலையில் செவலை பேர் போனது. இடுப்பில் ஒரு நீண்ட கொடியைக் கட்டிக்கொள்ளும். ஏற ஏற, கொடியின் மறுமுனையை வலுவான கிளைகளில் சுற்றிக்கொண்டே போகும். வேலை முடிய இரண்டு நாள் ஆயிற்று. ஆனால் பலகை இம்மியும் அசையவில்லை.

குளத்துக்கு வந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள்.

"அடடா, எவ்வளவு அழகான பலகை!"

"செவலை கட்டியதாம். அதைப் போல வேலை தெரிந்தவர் இந்தக் காட்டில் யார் இருக்கிறார்கள்!"

இதைக் கேட்டு இரண்டு பேருக்கு வயிறு எரிந்தது. ஒன்று நரி. இன்னொன்று தொத்தன் என்ற குரங்கு.

தொத்தனும் மரத்து வேலைதான் செய்து வந்தது. பரண் கட்டும், பழம் பறிக்கும், ஒடிந்த கிளையை வெட்டித் தள்ளும். ஆனால் யாரும் அதை அண்ணாந்து பார்த்ததில்லை. "நேற்று வந்த அணிலுக்கு இவ்வளவு பேரா? குரங்குக்குத் தெரியாத மரமா?" என்று இரவெல்லாம் புரண்டு படுத்தது.

நரியோ மறுநாளே கரடியின் பலகையைப் போல இரண்டு மடங்கு பெரிய பலகையைச் செய்துவிட்டது. அதில் கொடுக்கை விரித்தபடி ஒரு நண்டை வரைந்திருந்தது.

"செவலை! இதை உச்சிக்கிளையில் கட்டு. கரடியின் பலகைக்கு மேலே இருக்கவேண்டும். இன்றைக்கே வேண்டும்!" என்றது நரி.

செவலை மேற்கே பார்த்தது. வானம் கறுத்திருந்தது. குளத்து நீர் சிலிர்த்துக்கொண்டிருந்தது.

"காற்று எழுந்துவிட்டது, நரியாரே. பட்டை நனைந்தால் கால் நிற்காது. மழை விட்டு மரம் காயட்டும், கட்டித் தருகிறேன்."

"நாளைக்கு வருஷக் கூட்டத்துக்கு நண்டு தின்னும் நீர்நாய்களும் கீரிகளும் குளத்தில் கூடுகின்றன! அதற்குள் பலகை ஏறவேண்டாமா?"

"கூட்டம் அடுத்த வருஷமும் வரும். விழுந்தால் நான் வரமாட்டேனே!"

நரி பல்லைக் கடித்துக்கொண்டு தொத்தனைத் தேடிப் போனது. தொத்தனின் மனதில் என்ன புகைகிறது என்று அதற்கு நன்றாகத் தெரியும். பொறாமைக்காரனைப் பொறாமைக்காரன் அறிவான்.

"தொத்தா, செவலை பயந்து பின்வாங்கிவிட்டது. உச்சிக்கிளை அதனால் முடியாதாம்."

தொத்தனின் காது நிமிர்ந்தது. "முடியாது என்றதா? அதன் வாயாலேயே சொன்னதா?"

"நீ ஏறிவிட்டால் நாளைக்கு யார் பேரைச் சொல்வார்கள், யோசித்துப் பார்!"

யோசிக்கத் தொத்தனுக்கு நேரமில்லை. பலகையைத் தூக்கி முதுகில் கட்டிக்கொண்டது. அதன் மனைவி மந்தி, குட்டியை வயிற்றோடு அணைத்தபடி ஓடி வந்தது.

"வேண்டாம், ஏறாதீர்கள்! முதல் தூறல் விழுந்துவிட்டது. கேட்கமாட்டீர்கள் என்றால் கொடியாவது கட்டிக்கொள்ளுங்கள்!"

"கொடியா? அது அணிலுக்கு! நான் கொடி கட்டினால் செவலைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?" என்று சொல்லிவிட்டுத் தொத்தன் மரத்தில் தாவியது.

நடுக்கிளை வரை வேகமாக ஏறியது. அதற்கு மேல் காற்று முதுகுப் பலகையைப் பிடித்து இழுத்தது. மழை வலுத்தது. பட்டை பாசி பிடித்த படிக்கல்லைப் போல வழுக்கியது. கீழே எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"இறங்கிவிடு, தொத்தா! நரிக்கு என் பலகைதானே இடைஞ்சல்? அதைக் கழற்றிவிடுகிறேன். இறங்கி வா!" என்று கரடி கத்தியது.

"கரடிக்குப் பொறாமை! நீ ஏறு!" என்று நரி ஊளையிட்டது.

தொத்தன் குனிந்து பார்த்தது. கூட்டத்தின் நடுவில் செவலை நின்றது. கண்ணை இமைக்காமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது. 'பார், பார்! இன்றைக்கு உன் வயிறு எரியட்டும்!' என்று தொத்தன் உள்ளுக்குள் சிரித்தது.

அந்த ஒரு நொடியில் காற்று ஓங்கி அடித்தது. பலகை சுழன்றது. தொத்தனின் கால் வழுக்கியது. பலகையைக் கட்டியிருந்த நார் அறுந்தது. தொத்தன் இரண்டு கிளைகளில் மோதி, மூன்றாவது கிளையை ஒரு கையால் பற்றிக்கொண்டு தொங்கியது. மற்றொரு கை ஒடிந்து துவண்டது.

பலகை நேராக நரியின் கடைமேல் விழுந்தது. நண்டுப் பானைகள் எல்லாம் நொறுங்கின. நண்டுகள் வரிசையாகக் குளத்தை நோக்கி நடந்தன.

"ஐயோ! பலகை உடைந்துவிட்டதா?" என்று நரி அலறியது.

எல்லோரும் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓர் உயிர் மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது, இது பலகையைக் கேட்கிறது!

செவலை அதற்குள் இடுப்பில் கொடியைக் கட்டிவிட்டது. தோளில் இன்னொரு கொடியை மாட்டிக்கொண்டது.

"மழையில் ஏறமாட்டேன் என்றாயே!" என்றது கரடி.

"பலகைக்கு ஏறமாட்டேன். உயிருக்கு ஏறுவேன். என் கொடியைப் பிடித்துக்கொள்!"

காற்று படாத பக்கமாக, ஒவ்வொரு கிளையாகக் கொடியைச் சுற்றியபடி செவலை ஏறியது. தொத்தனின் விரல்கள் ஒவ்வொன்றாக நழுவிக்கொண்டிருந்தன. கடைசி விரல் நழுவுமுன் செவலை இரண்டாவது கொடியை அதன் மார்பில் கட்டியது. மறுமுனையை ஒரு கவட்டைக் கிளைமேல் போட்டுக் கீழே விட்டது. கரடி அதைப் பற்றி மெல்ல மெல்லத் தளர்த்தியது. தொத்தன் தரையைத் தொட்டபோது மந்தி ஓவென்று அழுதது. குட்டி தகப்பனின் மார்பில் தாவி ஏறியது. அதை அணைத்துக்கொள்ளத் தொத்தனுக்கு ஒரு கைதான் இருந்தது.

செவலை இறங்கி வந்ததும் தொத்தன் தலை குனிந்தது.

"நீ பொறாமையோடு பார்க்கிறாய் என்று நினைத்தேன்."

"உன் அடுத்த காலை எங்கே வைக்கப்போகிறாய் என்று பார்த்தேன். அங்கே கிளை இல்லை. கத்தினேன், உனக்குக் கேட்கவில்லை."

மறுநாள் நீர்நாய்களும் கீரிகளும் வந்தன. நடந்ததைக் கேட்டன. நரியின் கடைப்பக்கம் ஒருவரும் போகவில்லை. அடுத்த மழைக்கு முன்பே நரி கடையை விட்டுவிட்டு வேறு காட்டுக்குப் போயிற்று.

தொத்தனின் கை கோணலாகத்தான் கூடியது. அதனால் இனி மரம் ஏற முடியாது. ஆகவே செவலை ஏறும்போதெல்லாம் அடியில் நின்று கொடியைப் பிடித்தது. யாராவது செவலையைப் புகழ்ந்தால் இன்னமும் அதன் நெஞ்சில் சுருக்கென்று ஒரு முள் குத்தும். ஆனாலும் இலைகள் சலசலத்தால் முதலில் கேட்பது அதன் குரல்தான்: "காற்று வருகிறது, செவலை! வேலை கிடக்கட்டும், இறங்கு!"

பொறாமையால் புயலில் ஏறுகிறவனும் கெடுவான், தன் பொறாமைக்காகப் பிறரை ஏற்றிவிடுகிறவனும் கெடுவான். காற்றைப் பார்த்துக் காலெடுத்து வைக்கிறவனே கடைசிவரை உயரத்தில் வேலை செய்வான்.